சோவியத்துக்குப் பிந்தைய படைகளில் பெண்கள்: தலைகளை எண்ணுவதா, பணியிடப் பட்டியலைப் படிப்பதா?

#1 வடமுனை

உக்ரைன் படையில் எத்தனை பெண்கள், ரஷ்யப் படையில் எத்தனை பெண்கள் என்று பக்கத்து இழையில் இரண்டு நாளாகக் கணக்கு ஓடுகிறது. 2023 மார்ச்சில் அன்றைய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு சொன்ன எண் 39,000. 2024 தொடக்கத்தில் உக்ரைன் அமைச்சகம் சொன்ன எண் 62,000. ஆனால் இந்த 62,000-க்குள் குடிமைப் பணியாளர்களும் ராணுவக் கல்லூரி மாணவிகளும் அடக்கம். சீருடையில் இருந்தவர்கள் சுமார் 45,000 பேர். இதைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு முதல் வரியிலேயே பிசகிவிடும்.

பிரித்த பிறகும் அந்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது என்பது என் கருத்து. சோவியத் வழிவந்த எந்தப் படைக்கும், எந்தப் போலீஸுக்கும் எலும்புக்கூடு 'ஷ்டாட்' எனப்படும் பணியிடப் பட்டியல்தான். அதில் ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் இருக்கும்: பதவியின் பெயர், அதற்குரிய ராணுவத் தனித்திறன் எண், அந்தப் பதவியில் இருந்தபடி எட்டக்கூடிய உச்ச ராங்க், சம்பளப் படிநிலை. ஒரு பதவியைப் பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்றால் நான்கும் சேர்ந்தே அடைபடும். சம்பளம் மட்டும் போகாது. அந்த எண்ணுக்குரிய பயிற்சிப் பள்ளியும் போகும், அடுத்த ராங்கும் போகும்.

இந்த அடைப்பு திறமையைப் பார்த்து வந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் சுமார் 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். 1941 அக்டோபரில் விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியில் மூன்று பெண் விமான ரெஜிமெண்டுகள் உருவாயின. குறிபார்த்துச் சுடும் பெண்களுக்கென்றே மாஸ்கோவுக்கு அருகில் போடோல்ஸ்கில் தனிப் பள்ளி நடந்தது. போர் முடிந்ததும் ஏறக்குறைய எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1967-ன் ராணுவக் கடமைச் சட்டத்தில் மிஞ்சியது, மருத்துவம் போன்ற சிறப்புப் படிப்பு உள்ள பெண்களைப் பதிவேட்டில் வைப்பது மட்டும். 1991-ல் 15 நாடுகளுக்கும் கைமாறியது இந்தப் பட்டியல்தான். அதற்குப் பிறகு எந்த நாடு எந்த வரியைத் திறந்தது, எதற்காகத் திறந்தது என்று பார்த்தால் வட்டார வேறுபாடு தானாகத் தெரியும். தெரிந்தவர்கள் நாடுவாரியாக எழுதுங்கள்.

#2 மருதன்

வடமுனை அண்ணா, உக்ரைனின் கிழக்கில் போர் தொடங்கிய 2014-க்குப் பிறகு பெண்கள் சண்டையே போட்டார்களே. பட்டியல் அடைபட்டிருந்தால் அது எப்படி நடந்தது?

#3 வடமுனை

அதுதான் இந்த விஷயத்தின் மையம், மருதன். பதவி அடைபட்டிருந்ததே தவிர, ஆள் தேவை இருந்தது. கமாண்டர்கள் கண்டுபிடித்த வழி: காகிதத்தில் சமையலர், கணக்கர், தையல்காரர், எழுத்தர், தொலைபேசி இயக்குநர் என்று ஏதாவது ஒரு திறந்த வரியில் பெண்ணைச் சேர்ப்பது, களத்தில் மோட்டார் (குண்டெறியும் குறுங்குழல் பீரங்கி) அணியிலோ உளவு அணியிலோ வேலை வாங்குவது. பெண் வீரர்களின் உரிமைக்காகப் போராடிய மரியா பெர்லின்ஸ்காவும் சமூகவியல் ஆய்வாளர்களும் சேர்ந்து இதை ஆவணப்படுத்தினார்கள். அந்த ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கண்ணுக்குத் தெரியாத பட்டாலியன்'. உருவகம் ஏதுமில்லை. பட்டாலியனின் ஆவணங்களில் அந்த வீராங்கனைகள் உண்மையிலேயே தெரியவில்லை.

2016 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகத்தின் 292-ஆம் எண் ஆணை வந்தது. படைவீரர், சார்ஜென்ட் நிலையில் 63 போர்ப் பதவிகள் திறந்தன: உளவுப் படைவீரர், இயந்திரத் துப்பாக்கி இயக்குபவர், குறிபார்த்துச் சுடுபவர், கவச வாகனக் கமாண்டர் போன்றவை. 2018 செப்டம்பரில் நாடாளுமன்றம் சமவாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் இரினா ஃப்ரிஸ்; அதே ஆண்டில் முன்னாள் படைவீரர் நல அமைச்சரானார். ஒப்பந்த வயது, காவல் முறை, நாள்பணி முறை ஆகியவற்றில் பெண்ணுக்கென்று இருந்த தனி விதிகளை அந்தச் சட்டம் பெரும்பாலும் எடுத்துவிட்டது.

ஆணைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆணையை அடுத்த அமைச்சர் ஒரு கையெழுத்தில் மாற்றலாம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும்.

#4 தணிகை

ஒரு சந்தேகம். காகிதத்தில் சமையலர், களத்தில் மோட்டார். இதனால் அந்தப் பெண்ணுக்குக் கண்கூடாக என்ன நட்டம்? மரியாதை, அங்கீகாரம் என்று பொதுவாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்ல முடியுமா?

#5 கயல்

தணிகை ஐயா, கணக்காகவே சொல்லலாம்.

முதலாவது சம்பளம். சமையலரின் படிநிலை பட்டியலின் அடித்தட்டில் இருக்கிறது. மோட்டார் அணித் தலைவருடையது அதைவிட மேலே. பல படிகள் அடிப்படைச் சம்பளத்தின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், அடியில் வரும் வித்தியாசம் மேலே போகப் போகப் பெருகும்.

இரண்டாவது ராங்க். அடிமட்டப் பதவியின் உச்சம் படைவீரர் நிலையோடு நின்றுவிடும். ஐந்து பேருக்குத் தலைமை தாங்கிச் சண்டை போட்டாலும் சார்ஜென்ட் ஆக முடியாது, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருக்கும் வரியில் சார்ஜென்ட் இல்லை. வேறு வரிக்கு மாற்றலாம் என்றால் அந்த வரிக்கான தனித்திறன் எண் அவரிடம் இல்லை. எண் வேண்டுமானால் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். பயிற்சி மையம், பதவி மூடியிருக்கிறது என்று சேர்க்காது. முழு வட்டம்.

மூன்றாவது காயமும் விருதும். காயம் பட்டால் 'எந்தச் சூழ்நிலையில் ஏற்பட்டது' என்று ஒரு சான்று எழுத வேண்டும். இழப்பீடும் ஊனத் தரமும் அதைப் பிடித்துத்தான் வரும். சமையலர் ஏன் கண்காணிப்பு நிலையில் இருந்தார் என்று விசாரணை கேட்டால் கமாண்டர் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: விதிமீறலை ஒப்புக்கொள்வது, அல்லது சூழ்நிலையை மாற்றி எழுதுவது. மாற்றி எழுதினால் நட்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. விருதுக்கான பரிந்துரையும் அப்படியே. செய்த செயல் பதவியோடு ஒட்டவில்லை என்றால் மேலிடம் திருப்பி அனுப்பும்.

நான்காவது, ஓய்வூதியத்துக்கான பணிக்காலம். போரில் பங்கேற்ற ஒரு மாதம் மூன்று மாதமாகக் கணக்கில் ஏறும். பங்கேற்பை நிரூபிக்கப் படைப்பிரிவின் உத்தரவு நகல்கள் வேண்டும். தன்னார்வ பட்டாலியன்களில் பதிவே இல்லாமல் போராடியவர்கள்தான் இதில் மிக மோசமாக அடிபட்டார்கள். ஆண்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பதிவு செய்ய நினைத்தாலும் வரி இல்லை என்ற நிலை பெண்களுக்குத்தான்.

#6 மருதன்

நன்றி கயல் அக்கா. அந்தச் சூழ்நிலைச் சான்று விஷயம் இதுவரை யாரும் எனக்கு விளக்காதது.

#7 நெய்தல்

வடமுனை சொல்வது பாதிதான் சரி. பட்டியல் திறந்த பிறகும் கிடங்கு திறக்கவில்லை. பொருள் வழங்கல் பக்கத்தைப் பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

சோவியத் அளவு முறையில் சீருடை ஆணின் மார்புச் சுற்றளவையும் உயரத்தையும் வைத்து வெட்டப்படுகிறது. அதைப் பெண் போட்டால் இடுப்பெலும்புப் பகுதியில் பிடிக்கும், இடையில் தொளதொளக்கும். பெரிய அளவை எடுத்து இடையைத் தைத்துக்கொண்டால் கால்சட்டையின் முழங்கால் மடிப்பு கீழே இறங்கிவிடும். முழங்கால் காப்பைச் சரியான இடத்தில் வைக்க முடியாது. பூட்ஸ் 36, 37 அளவில் கிடங்கில் அரிது. இரண்டு ஜோடிக் காலுறை போட்டு 39-ஐ அணிந்தால் முதல் நெடுநடையிலேயே குதிகால் கொப்பளித்துவிடும். உள்ளாடையும் நெடுங்காலம் ஆண்களுக்கானதே வழங்கப்பட்டது. பெண்களுக்கென வெட்டிய கோடைக்காலக் களச் சீருடைக்கு உக்ரைன் அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது 2023 ஆகஸ்டில். போர்ப் பதவிகள் திறந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு. அந்த இடைவெளியைத் தைத்து நிரப்பியது 'ஸெம்லியாச்கி' போன்ற தன்னார்வ அமைப்புகள்.

கவசத்தில்தான் உயிர் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பரவலாகக் கிடைப்பது 25×30 செ.மீ. தகடு, ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. தகட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்குக் கீழே, மார்பெலும்பின் உச்சியில் நிற்க வேண்டும். உடல் குட்டையாக இருந்தால் கீழ் விளிம்பு வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடும். நின்றால் தெரியாது. வண்டியில் உட்கார்ந்தவுடன் தொடை தகட்டை மேலே தள்ளும், மேல் விளிம்பு தொண்டையில் முட்டும். அதைத் தவிர்க்கப் பட்டையைத் தளர்த்திக் கீழே இறக்கினால் இதயத்துக்கு மேலே இருக்கும் பெரிய ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது.

அடுத்தது தோள். பட்டைகள் அகலமான தோளுக்கு வெட்டியவை. குறுகிய தோளில் அவை வெளிப்பக்கம் சரிந்து, துப்பாக்கியின் அடிக்கட்டை பதிய வேண்டிய குழியை மூடிவிடும். அடிக்கட்டை பட்டை மேல் நின்றால் ஒவ்வொரு சூட்டிலும் நழுவும், குறி விலகும். பயிற்சியாளர் 'இவருக்குச் சுட வரவில்லை' என்று எழுதிவிடுவார்.

சரிசெய்ய: சிறு அளவுக் கவச உடை, மேல் மூலைகள் சாய்வாக வெட்டிய தகடு, உள்பக்கம் நெருக்கித் தைத்த தோள்பட்டை, எடையை இடுப்பில் இறக்கும் அகலப் பட்டி. தகட்டைச் சிறிதாக்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும், மறைக்கும் பரப்பு குறையும். தட்டையான தகட்டைவிட வளைந்த தகடு மார்பில் நன்றாகப் பொருந்தும். தட்டையானது பக்கவாட்டில் இடைவெளி விடும். தலைக்கவசத்துக்கு: பின்னந்தலையில் கொண்டை போட்டால் கவசம் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். தட்டையாகப் பின்னி, கழுத்தோரம் தாழ்வாக விட வேண்டும்.

இன்னொன்று, பலரும் எழுதத் தயங்குவது. பதுங்குகுழியில் மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு சிறுநீர்ப்பாதைத் தொற்று, வெயில் காலத்தில் நீரிழப்பு மயக்கம். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிறு ரப்பர் புனல் ஒன்று போதும், பாதிப் பிரச்சினை தீரும். அது வழங்கல் பட்டியலில் இல்லாத பொருள். மாதவிடாய்ப் பொருட்களும் நெடுங்காலம் இல்லை.

#8 வடமுனை

நெய்தல், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். வழங்கல் துறை துணி வெட்டுவது பதவி எண்ணிக்கையைப் பார்த்து. காகிதத்தில் பெண் இயந்திரத் துப்பாக்கியாளர் இல்லாதவரை அவருக்குக் கவசம் கேட்டு விண்ணப்பமே எழுத முடியாது. பட்டியல் முதலில், கிடங்கு பின்னால்.

#9 நெய்தல்

வரிசை சரி. ஏழு ஆண்டு சரியில்லை.

2021-ஐயும் மறக்க வேண்டாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24, முப்பதாம் விடுதலை நாள் அணிவகுப்புக்காகப் ராணுவக் கல்லூரி மாணவிகளைக் குதிகால் உயர்ந்த செருப்போடு நடக்கவைத்த படங்களை ஜூலையில் அமைச்சகமே வெளியிட்டது. பெண் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து, பாதுகாப்பு அமைச்சர் தாரான் அதைப் போட்டு நடக்கட்டும் என்றார்கள். ஏழு ஆண்டாகப் போர் நடக்கும் நாட்டில் களத்துக்குப் பூட்ஸ் வெட்டாத அதே நிர்வாகம் அணிவகுப்புக்கு அந்தச் செருப்பைத் தேடிப் பிடித்தது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

#10 தணிகை

ரஷ்யப் பக்கம் யாரும் தொடவில்லையே. தொண்ணூறுகளில் அங்கே பெண்கள் இன்னும் அதிகம் இருந்தார்கள் அல்லவா?

#11 பனிவரப்பு

ஆம். ஒப்பந்தப் பணி வந்த தொண்ணூறுகளில் ரஷ்யப் படையில் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். காரணம் சமத்துவக் கொள்கை ஒன்றும் இல்லை. சம்பளம் மோசம், அதுவும் மாதக்கணக்கில் வராது. ஆண்கள் ஒப்பந்தத்துக்கு வரவில்லை. தொலைவிலுள்ள படைநகரங்களில் அதிகாரிகளின் மனைவிகளுக்கு வேறு வேலை கிடையாது. தகவல்தொடர்பு மையம், தலைமையகக் கோப்பறை, மருத்துவப் பிரிவு, நிதிப் பிரிவு ஆகியவற்றில் அவர்கள்தான் நிறைந்தார்கள். கணவருக்கு இடமாற்றம் வந்தால் மனைவியின் பதவியும் போச்சு. புதிய ஊரில் காலி வரி இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பத்து ஆண்டு பணியாற்றியும் ராங்க் ஏறாததற்கு இது பெரிய காரணம்.

2008-க்குப் பிறகு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் செர்துகோவின் சீர்திருத்தத்தில் பல பின்களப் பதவிகள் ஒழிந்தன, அல்லது குடிமைப் பதவிகளாயின. 2012 ஜனவரியில் ராணுவச் சம்பளம் பலமடங்கு உயர்ந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள், பெண்கள் எண்ணிக்கை சரிந்தது. ஷோய்கு சொன்ன 39,000-க்கு இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். உக்ரைன் படத்தைத் தலைகீழாகப் பிடித்தது மாதிரி: அங்கே போர் ஆட்களை இழுத்துப் பட்டியலைத் திறந்தது, இங்கே சம்பளம் ஆண்களை இழுத்துப் பெண்களை வெளியே தள்ளியது.

திறந்த இடங்கள் இல்லாமல் இல்லை. ரியாஸான் வான்படையிறக்கக் கல்லூரி 2008-ல் பெண்களைச் சேர்த்தது. 2013-ல் வெளிவந்தவர்கள் பாராசூட் மடிக்கும் பிளட்டூன்களின் கமாண்டர்கள். க்ராஸ்நோதார் விமானிப் பள்ளி 2017-ல் சேர்த்த முதல் பெண்கள் 2022-ல் லெப்டினன்ட்கள் ஆனார்கள். பாதுகாப்புத் துணை அமைச்சராக தத்யானா ஷெவ்த்சோவா 2010 முதல் 2024 வரை இருந்தார், நிதிப் பொறுப்பில். மேலே ஓரிருவர், நடுவில் நிதியும் மருத்துவமும், கீழே தகவல்தொடர்பு. தரைப்படைச் சண்டை வரிகள் அடைபட்டே இருக்கின்றன.

இதை ரஷ்ய அரசே எழுத்தில் விளக்கிய இடம் ஒன்று உண்டு. மார்கின் வழக்கு.

#12 கயல்

பனிவரப்பு ஐயா, அந்த வழக்கைக் கொஞ்சம் விரித்து எழுதுங்கள். இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது.

#13 பனிவரப்பு

எழுதுகிறேன்.

கான்ஸ்டான்டின் மார்கின் வானொலி உளவுப் பிரிவில் ஒப்பந்தப் படைவீரர். மணமுறிவுக்குப் பின் மூன்று குழந்தைகளும் அவரிடம். பெண் படைவீரருக்கு மூன்று ஆண்டு குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. அதையே அவர் கேட்டார், ஆணுக்கு இல்லை என்று மறுத்தார்கள். 2009-ல் ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் மறுப்பைச் சரி என்றது. அதன் வாதத்தைக் கவனமாகப் படியுங்கள்: படையில் பெண்களின் பங்கு குறைவு, தாய்மைக்குச் சமூகத்தில் தனி இடம் உண்டு, ஆகவே பெண்ணுக்கு விடுப்பு விதிவிலக்காகத் தரப்படுகிறது, ஆண்கள் கூட்டமாக விடுப்பில் போனால் போர்த்தயார்நிலை கெடும்.

2012 மார்ச் 22-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரு அமர்வு இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஆணுடையது. ஆனால் வெளிப்பட்டது பெண்ணைப் பற்றிய கணக்கு. விடுப்பு கொடுக்க முடிகிறது, ஏனென்றால் அவர்கள் இல்லாவிட்டாலும் படை நடக்கும் இடங்களில்தான் வைத்திருக்கிறோம் என்பது அதன் உட்பொருள். சலுகையும் அடைப்பும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

மருத்துவப் பிரிவில் இருப்பவர்களைப் பற்றி அந்த வாதம் சொல்வது எவ்வளவு பொய் என்பது 2022-ல் போர் தொடங்கியதும் தெரிந்தது.

#14 மருதன்

போலீஸ் பக்கம்? ஜார்ஜியாவின் சீர்திருத்தத்தைப் பற்றிப் புகழ்ச்சியாகவே படித்திருக்கிறேன். அதில் பெண்கள் எங்கே வருகிறார்கள்?

#15 கயல்

தலைமையில் வருகிறார்கள், மருதன். 2003 ரோஜாப் புரட்சிக்குப் பின் 2004-ல் ஜார்ஜியா போக்குவரத்துப் போலீஸை மொத்தமாகக் கலைத்துவிட்டு ரோந்துப் போலீஸைப் புதிதாக அமைத்தது. எகா ஸ்குலாட்ஸே அங்கே உள்துறைத் துணை அமைச்சர். அவரையே 2014 டிசம்பரில் உக்ரைன் அழைத்து உள்துறை முதல் துணை அமைச்சராக்கியது. இன்னொருவர் காத்தியா தெகனோய்ட்ஸே. ஜார்ஜியப் போலீஸ் அகாடமியை நடத்தியவர், கல்வி அமைச்சராகவும் இருந்தவர். 2015 நவம்பரில் உக்ரைன் தேசியப் போலீஸின் முதல் தலைவரானார். முன்னாள் சோவியத் நாடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காவல் துறையைச் சீரமைக்கும் அறிவு போனது இரண்டு பெண்கள் வழியாக. முன்பெல்லாம் இந்த ஓட்டம் மாஸ்கோவிலிருந்து மட்டுமே வரும்.

2015 ஜூலை 4-ல் கீவ் ரோந்துப் போலீஸ் உறுதிமொழி எடுத்தது, சுமார் 2,000 பேர். நால்வரில் ஒருவர் பெண். அது எப்படி முடிந்தது? புதிய அமைப்பு, ஆகவே பழைய பட்டியல் இல்லை. ஆள் எடுத்தது பொதுத் தேர்வு, உடல்தகுதி, மருத்துவச் சோதனை, நேர்முகம் என்று வெளியிலிருந்து. பரிந்துரைக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

எங்கே தடைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ரோந்து மட்டும் புதிது. புலனாய்வு, குற்றப்பிரிவு, மாவட்ட அலுவலகம் எல்லாம் பழைய மிலீட்சியாதான், அதாவது சோவியத் வழிவந்த போலீஸ்தான். மறுதகுதித் தேர்வு வைத்து வடிகட்ட முயன்றார்கள். விலக்கப்பட்டவர்களில் பலர் நீதிமன்றம் போய், நடைமுறைப் பிழையைக் காட்டித் திரும்பி வந்தார்கள். தெகனோய்ட்ஸே 2016 நவம்பரில், தமக்குப் போதிய அதிகாரம் இல்லை என்று சொல்லி விலகினார். புதிதாகச் சேர்ந்த பெண் ரோந்து அதிகாரி பதவி உயர்வுக்குப் புலனாய்வுக்குப் போனால் அங்கே பழைய பட்டியலும் பழைய மேலாளரும் காத்திருப்பார்கள்.

#16 குறிஞ்சி

மத்திய ஆசியாவைப் பற்றி எழுதுகிறேன், அங்கே அடைப்பு வேறு மாதிரி.

கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், கஸாக்ஸ்தான் போலீஸில் பெண்களைத் தேடினால் நான்கைந்து அறைகளில் கிடைப்பார்கள்: சிறார் விவகாரப் பிரிவு, பாஸ்போர்ட் மேசை, பணியாளர் பிரிவு, சிறு குற்ற விசாரணை, தலைமையகக் கோப்பறை. இந்தப் பதவிகளின் உச்ச ராங்க் பெரும்பாலும் கேப்டன், மேஜரோடு முடியும். அதற்கு மேல் போக வேண்டுமானால் குற்றப்பிரிவிலோ மாவட்ட நிலையத் தலைமையிலோ வரி வேண்டும். ஆகவே உயர் ராங்கில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டால், மேலதிகாரியின் மனப்பான்மையை ஆராய்வதற்கு முன் பட்டியலை எடுத்து எந்த அறையின் உச்சம் எதுவென்று பாருங்கள். வடமுனை சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆனால் வெளிப்பணியில் பெண் இல்லாததன் விலையைக் கொடுப்பது பொதுமக்கள். எல்லைச் சாவடியில் பெண் பயணியை உடல்சோதனை செய்யப் பெண் அதிகாரி வேண்டும். ஒரு பணிமுறைக்கு ஒருவர் என்றாலும், 24 மணி நேரச் சாவடிக்கு விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்து ஐந்து பேராவது பட்டியலில் தேவை. ஒருவரை மட்டும் வைத்தால் அவர் இல்லாத நேரத்தில் இரண்டில் ஒன்று நடக்கும்: சோதனையே இல்லாமல் விடுவது, அல்லது அவர் வரும்வரை குடும்பத்தையே நிறுத்திவைப்பது. முதலாவது கடத்தல்காரர்களுக்குத் தெரிந்த இடைவெளி. துஷன்பேயில் 2009 முதல் இயங்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் எல்லை மேலாண்மைக் கல்லூரி பெண் அதிகாரிகளுக்கும் பயிற்சி தருகிறது. பயிற்சி முடித்துத் திரும்பினால் தலைநகரில் மேசை வேலை என்றால் அந்தப் பணம் மண்ணில் போன மாதிரி. சாவடியில் பெண்ணுக்குத் தங்கும் அறை இல்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அறை கட்டுவதுதான் அதற்குத் தீர்வு.

குடும்ப வன்முறையிலும் அதே. கிர்கிஸ்தானில் பாதுகாப்பு ஆணையைக் கையில் கொடுக்க வேண்டியவர் போலீஸ் அதிகாரி. வீட்டுக்கு வருபவர் ஆண் மட்டும் என்றால், மாமியார் மாமனார் சூழ்ந்த அறையில் அந்தப் பெண் வாய் திறக்கமாட்டார். கஸாக்ஸ்தானில் 2023 நவம்பரில் சல்தனாத் நுகெனோவா கொல்லப்பட்ட வழக்கு நாட்டையே உலுக்கியது. 2024 ஏப்ரலில் புதிய சட்டம் கையெழுத்தானது. சட்டம் வந்துவிட்டது. ஒரு மாவட்டத்துக்கு அதைக் கையாளும் பெண் இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேர் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

#17 தணிகை

கட்டாயச் சேவை உள்ள நாடுகளில்?

#18 வடமுனை

சுருக்கமாக. ஆர்மீனியா 2023-ல் பெண்களுக்குத் தன்னார்வச் சேவையைத் திறந்தது: 18 முதல் 27 வயது, ஆறு மாதம், முடித்தால் 10 லட்சம் திராம், விரும்பினால் ஒப்பந்தம். அஜர்பைஜானோடு நடந்த 2020 போரின் இழப்புக்குப் பின் ஆள்பற்றாக்குறைதான் பின்னணி. ஆண்களுக்கு அப்போது 24 மாதம். எஸ்டோனியா 2013 முதல் பெண்களைத் தன்னார்வமாகச் சேர்க்கிறது. அங்கே 1927-ல் தொடங்கி 1991-ல் மீண்டும் உயிர்பெற்ற பெண்கள் தன்னார்வப் பாதுகாப்பு அமைப்பும் தனியாக உண்டு. லிதுவேனியா 2008-ல் நிறுத்திய கட்டாயச் சேவையை 2015-ல் திரும்பக் கொண்டுவந்தது. லாட்வியா 2024-ல் ஆண்களுக்குக் கட்டாயமாக்கியது. இரண்டிலும் பெண்கள் விரும்பினால் சேரலாம். ஜார்ஜியாவின் 2025 பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அப்படியே. பால்டிக் நாடுகள் பட்டியலையே நேட்டோ முறைக்கு மாற்றி எழுதிவிட்டதால் அங்கே அடைபட்ட வரி என்ற பேச்சே எழுவதில்லை. எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் அங்கே சிக்கல்.

#19 நெய்தல்

ஆறு மாதத்தில் அடிப்படைப் பயிற்சி போக மிஞ்சுவது நான்கு மாதம் சொச்சம். அதற்குள் டாங்கியிலோ பீரங்கியிலோ தனித்திறன் எண் வாங்க முடியாது. ஒப்பந்தத்துக்குத் தொடராவிட்டால் அந்தப் பெண் ரிசர்வில் எந்த வரியில் நிற்பார் என்று ஆர்மீனியச் சட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அது.

#20 மருதன்

ரஷ்யாவின் தேசியக் குடியரசுகளில் பெண்கள் படைக்கு வெளியே நின்று எதிர்த்தார்களே, அதை இந்த இழையில் பேசலாமா?

#21 பனிவரப்பு

பேச வேண்டும், மருதன். படையின் வட்டாரச் சுமை அங்கேதான் தெரிகிறது. தாகெஸ்தான், புர்யாத்தியா, துவா போன்ற ஏழைக் குடியரசுகளில் ஒப்பந்தப் பணிதான் இளைஞருக்கு நிலையான சம்பளம். போரில் இறந்தவர்களின் பெயர்களில் இந்த மூன்றும் மக்கள்தொகைக்கு மீறி வருகின்றன. 2022 செப்டம்பர் 21-ல் பகுதி அணிதிரட்டல் அறிவிப்பு வந்தது. 25-ஆம் தேதி தாகெஸ்தான் தலைநகர் மகச்கலாவில் பெண்கள் முன்வரிசையில் நின்று போலீஸோடு மல்லுக்கட்டினார்கள். அதே நாளில் சைபீரியாவின் யாகூத்தியக் குடியரசுத் தலைநகர் யாகூட்ஸ்கில் பெண்கள் ஒசுவோகாய் வட்டநடனம் ஆடியபடி எதிர்த்தார்கள். ஆண் வந்து நின்றால் அங்கேயே அழைப்பாணை கையில் திணிக்கப்படும். பெண்ணுக்கு அழைப்பாணை கிடையாது. அவர்கள் முன்னால் நின்றதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பழைய மரபு ஒன்றும் உண்டு. 1989-ல் தொடங்கிய படைவீரர் தாய்மார் குழு 1995-ல் மாஸ்கோவிலிருந்து செச்சன்யாவுக்கு நடைப்பயணம் போனது. அன்று தாய்மார்கள் போர்முனைக்கே போய் மகன்களைக் கேட்க முடிந்தது. 2022 மார்ச்சில் வந்த 'படையை இழிவுபடுத்தல்' சட்டப்பிரிவுக்குப் பின் ஒரு பதாகை பிடித்தால் அபராதம், மறுபடி பிடித்தால் குற்றவழக்கு. திரட்டப்பட்டவர்களின் மனைவிகள் 2023 இறுதியில் தொடங்கிய 'வீட்டுக்குப் பாதை' இயக்கம், முதலில் கேட்டது கணவன்மாரைத் திருப்பியனுப்பச் சொல்லித்தான். 2024-ல் அதை 'வெளிநாட்டு ஏஜென்ட்' பட்டியலில் சேர்த்தார்கள்.

#22 தணிகை

உக்ரைனில் இப்போது பெண்களுக்குக் கட்டாயம் உண்டா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

#23 கயல்

குழப்பத்துக்குக் காரணம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 313-ஆம் எண் ஆணை, ஐயா. பதிவு செய்ய வேண்டிய பெண்களின் தொழில் பட்டியலில் கணக்கர், பத்திரிகையாளர், இசைக்கலைஞர் வரை போட்டுவிட்டார்கள். எதிர்ப்பு மனுவில் 25,000 கையெழுத்து உடனே சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் பட்டியலைச் சுருக்கினார்கள். அந்தப் பழைய பட்டியலின் படம்தான் இன்றும் சுற்றுகிறது.

நடைமுறை இதுதான். 2023 அக்டோபர் 1 முதல் மருத்துவ, மருந்தியல் கல்வி பெற்ற, பணிக்குத் தகுதியான வயதுப் பெண்களுக்குப் பதிவு கட்டாயம். மற்ற தொழில்களில் இருப்பவர்கள் விரும்பினால் பதியலாம். பதிவு வேறு, அணிதிரட்டல் வேறு. பதிந்ததாலேயே களத்துக்கு அழைப்பு வராது. 23 முதல் 60 வயது ஆண்களுக்கு உள்ள வெளிநாட்டுப் பயணத் தடையும் இவர்களுக்கு இல்லை. முதலில் செய்ய வேண்டியது வசிக்கும் இடத்துக்குரிய ஆள்சேர்ப்பு மையத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் போவது. அங்கே கல்விச் சான்றில் எழுதியிருக்கும் படிப்பின் பெயரும் தனித்திறன் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்தே சரிபார்க்க வேண்டும். பல் மருத்துவ உதவியாளருக்கு அறுவை சிகிச்சைச் செவிலியரின் எண் விழுந்துவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

பணியில் சேர்ந்த பிறகு தொந்தரவு நடந்தால், படைப்பிரிவின் பாலினச் சமத்துவ ஆலோசகரிடம் மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். பல பிரிவுகளில் அது கூடுதல் பொறுப்பு, அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. அவரும் அதே கமாண்டருக்குக் கீழ்ப்பட்டவர். எழுத்தில் அறிக்கை கொடுத்து, பதிவு எண் வாங்கி, ஒரு நகலைக் கைவசம் வைத்துக்கொண்டு, கமாண்டர் சங்கிலிக்கு வெளியே உள்ள இடத்துக்கும் அனுப்ப வேண்டும். 2024 டிசம்பர் இறுதியில் ஓல்ஹா ரெஷெத்திலோவா படைவீரர் உரிமைகளுக்கான ஆணையராக நியமிக்கப்பட்டார். பதிவு எண் இல்லாத புகாரைப் படைப்பிரிவு வரவேயில்லை என்று சொல்லிவிடும்.

#24 தணிகை

தெளிவு, அம்மா. அந்தப் பதிவு எண் விஷயத்தை இழையின் முதல் பதிவில் சேர்த்துவிடுங்கள், வடமுனை.

#25 வடமுனை

சேர்த்துவிட்டேன். நெய்தலின் தகடு அளவுகளையும் மேலே ஏற்றியிருக்கிறேன். குறிஞ்சி, சாவடிக்கு ஐந்து பேர் என்ற கணக்கு 12 மணி நேரப் பணிமுறைக்கா, 8 மணி நேரத்துக்கா?

#26 குறிஞ்சி

8 மணி நேரம், மூன்று முறை. வாரத்துக்கு 21 முறை வருகிறது. ஒருவர் வாரத்துக்கு ஐந்து முறை பார்த்தால் நான்கு பேர், ஒரு முறை மிச்சம். விடுப்பையும் நோயையும் சேர்த்தால்தான் ஐந்து. மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் அந்த வரி நிரம்பியதாகவே பட்டியலில் இருக்கும், ஆனால் சாவடியில் ஆள் இருக்காது. அதற்குத் தற்காலிகப் பதிலாளை எடுக்கும் விதியும் சேர்ந்தே வேண்டும்.